ஐந்து நட்சத்திரமும் ஐந்து வருஷக் கன்றும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் தாவரவியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், நீங்க இருபது நிமிஷம் பேசணும். ஆனா பழைய கதை வேண்டாம், பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது சொல்லுங்க" என்றார். பழைய கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தோட்டக்கலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்குப் பாதிப் பேச்சு போய்விடுகிறது! மீதிப் பாதியில் எதைப் பேசுவது என்று யோசித்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வருகிற கேள்விகளில் பத்துக்கு ஏழு ஒரே மாதிரியாக இருக்கிறது. "அண்ணே, ஆன்லைன்ல ஒரு செடி பார்த்தேன். ஆயிரத்து இருநூறு பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நாலரை ஸ்டார். வாங்கலாமா?" இந்தக் கேள்விக்கு உண்டு, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நர்சரியைப் போய்ப் பார்த்த காலம்

நாம் படித்த காலத்தில் கன்று வாங்குவது என்றால் பஸ் ஏறிப் போவது. ஒட்டு மாங்கன்று வேண்டுமென்றால் நர்சரிக்காரரின் தாய்மரத்தைப் பார்ப்போம். காய்ப்பு எப்படி, காய் எப்படி என்று விசாரிப்போம். மல்லிகைப் பதியன் என்றால் ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம். அங்கிருந்து பல ஊர்களுக்குப் பதியன் போனது, இன்றும் போகிறது. அந்த ஊருக்கு யாரும் நட்சத்திரம் போடவில்லை. "போன வருஷம் எங்க மாமா வாங்கினார், நல்லா பூக்குது" என்ற ஒரு வாக்கியம்தான் விளம்பரம். அந்த வாக்கியத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'போன வருஷம்' என்ற வார்த்தை. மாமா செடி வந்து இறங்கிய அன்றைக்கு அபிப்பிராயம் சொல்லவில்லை. பூத்த பிறகு சொன்னார்.

இன்று நிலைமை வேறு. அடீனியம் என்கிற பாலைவன ரோஜா, ஆர்க்கிட், குளத்துத் தாமரைக் கிழங்கு, பேரீச்சை, அவகேடோ, ஜாதிக்காய், பூச்சி தின்னும் செடி என்று விசேஷமான செடிகளுக்கு ஆசைப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிப்பட்ட செடி உள்ளூர் நர்சரியில் கிடைக்காது. விற்பவர் ஆந்திராவில் கடியம் பக்கத்தில் இருக்கலாம், வங்காளத்தில் இருக்கலாம், கேரளத்தில் இருக்கலாம். தாய்மரத்தைப் பார்க்க வழியில்லை. விற்பவர் முகத்தையும் பார்க்க வழியில்லை. அப்போது நமக்கு மிஞ்சுவது முன்பின் தெரியாத நாலு பேர் எழுதி வைத்த ரிவ்யூ ஒன்றுதான். ஆகவே அது நம்பத் தகுந்ததா என்பது சின்னக் கேள்வி அல்ல. பணத்துக்கும் நிலத்துக்கும் வருஷங்களுக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி.

சீப்பு, மாம்பழம், கன்று

பொருளாதாரம் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 1970-ல் பிலிப் நெல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சந்தைப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்குமுன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை ஒரு வகை. வாங்கி அனுபவித்த பிறகே தெரிபவை இன்னொரு வகை. 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் சாதாரண மனிதனுக்குத் தரம் தெரியாதவை. நம் பாஷையில் சொன்னால், சீப்பு முதல் வகை. கையில் எடுத்தாலே தெரியும். மாம்பழம் இரண்டாம் வகை. அறுத்துத் தின்றால்தான் தெரியும். மருந்தும் வைத்தியமும் மூன்றாம் வகை. குணமானது மருந்தாலா, தானாகவா என்று நமக்குத் தெரியாது.

சரி, ஒரு மரக்கன்று எந்த வகை? அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. கன்று மூன்று வகையிலும் சேரும். வந்த அன்றைக்குத் தெரிவது பெட்டி நசுங்கியதா, மண் ஈரமாக இருந்ததா, இலை பச்சையாக இருந்ததா என்பது. மூன்று மாதத்தில் தெரிவது உயிர் பிடித்ததா என்பது. அது சொன்ன ரகம்தானா, ஒட்டுக்கன்றா விதைக்கன்றா, ஆண் மரமா பெண் மரமா என்பதெல்லாம் தெரிய மூன்று வருஷமோ ஆறு வருஷமோ ஆகும். சில சமயம் எப்போதுமே தெரியாது.

ஆனால் ரிவ்யூ எப்போது எழுதப்படுகிறது? பார்சல் வந்த இரண்டாம் நாள் செல்போனில் மணி அடிக்கிறது. "உங்கள் பொருள் எப்படி இருந்தது?" நாமும் நல்ல மனசோடு "சூப்பர் பேக்கிங், செடி ஃபிரெஷ்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போடுகிறோம். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் படிக்கிறவர் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறார்? "நல்ல ரகம், நன்றாகக் காய்க்கும்" என்று எடுத்துக்கொள்கிறார். அட்டைப்பெட்டிக்குக் கொடுத்த மார்க்கை மரத்துக்குக் கொடுத்த மார்க்காக வாசிக்கிறோம். போலி ரிவ்யூ ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான ரிவ்யூவே இப்படி வழி தவற வைக்கும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்ததில் முதல் விஷயம்.

அறுபது பேரீச்சை

என் வகுப்புத் தோழர் ஒருவர். இந்தச் சபையில் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து வந்த பணத்தில் ஊரில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். பேரீச்சை போட ஆசை. திசு வளர்ப்புக் கன்று ஒன்று சில ஆயிரம் ரூபாய். ஆன்லைனில் ஒருவர் 'திசு வளர்ப்பு பர்ஹி' என்று தொள்ளாயிரம் ரூபாய்க்கு விற்றார். நூற்றுக்கணக்கான ரிவ்யூ, எல்லாம் நாலு, ஐந்து. அறுபது கன்று வாங்கினார். ஐம்பத்து நாலாயிரம் ரூபாய். சொட்டுநீர், வேலி, ஆள் கூலி என்று அதைப் போலப் பல மடங்கு ஆனது.

கன்றுகள் அருமையாக வளர்ந்தன. ஐந்தாம் வருஷம் பாளை விட்டது. பார்த்தால் ஏறக்குறையப் பாதி மரம் ஆண்! பேரீச்சையில் ஆண் வேறு, பெண் வேறு. விதையிலிருந்து வளர்த்தால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி ஆணாக வரும் என்பது நம் துறை மாணவர்களுக்குப் பரீட்சையில் வரும் பாடம். திசு வளர்ப்பிலோ, தாய்மரத்தின் பக்கக்கன்றிலோ வந்திருந்தால் எல்லாமே தாயைப் போலப் பெண்ணாக இருக்கும், மகரந்தத்துக்கு நாமாகச் சில ஆண் மரங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆக, வந்தது விதைக்கன்று. மிச்சமிருந்த பெண் மரங்களும் ஒன்றுக்கொன்று வேறுவேறு மாதிரி காய்த்தன.

அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பணம் போனா போகுதுப்பா. அஞ்சு வருஷத்தை யாரு திருப்பித் தருவா? எனக்கு இப்ப அறுபத்து நாலு."

அந்த விற்பனையாளர் பக்கத்தில் இருந்த நூற்றுக்கணக்கான ரிவ்யூக்களை நான் உட்கார்ந்து படித்தேன். காய்ப்பைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. எழுத முடியாது. எழுதியவர்கள் எல்லோரும் கன்று வந்த வாரத்தில் எழுதியவர்கள். ஜாதிக்காய்க்கும் இதே கதைதான், அங்கும் ஆண் பெண் தெரியப் பல வருஷம் ஆகும்.

இளஞ்சிவப்பு இலை, சூரியன் முட்டை, சூட்டில் ஆப்பிள்

காத்திருந்தால் வெளுத்துவிடும் சாயத்துக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் 'பிங்க் காங்கோ' என்ற பெயரில் ஒரு ஃபிலோடென்ட்ரான் செடி வெளிநாடுகளில் பெரிய விலைக்குப் போனது. அதன் இலைகள் இளஞ்சிவப்பு. வாங்கியவர்கள் பூரித்துப் போய் எழுதினார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனதும் புது இலையெல்லாம் சாதாரணப் பச்சையாக வந்தது. அந்தச் சிவப்பு பரம்பரைக் குணம் அல்ல, ரசாயனத்தால் தற்காலிகமாக வரவழைத்தது என்று பிறகு செடிக்காரர்களிடையே தெரிந்தது. முதல் மாதம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது சிவப்புதான்.

அடுத்து மியாசாகி மாம்பழம். 2019-ல் ஜப்பானில் ஏலத்தில் ஒரு ஜோடிப் பழம் 5 லட்சம் யென்னுக்குப் போனது. 2021-ல் மத்தியப் பிரதேசத்தில் இந்த மரத்துக்குக் காவல் போட்ட செய்தி வந்ததும் நம் நாட்டில் கன்று வியாபாரம் சூடுபிடித்தது. உண்மையில் மியாசாகி என்பது ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பெயர். அங்கே வளர்வது பெரும்பாலும் 'இர்வின்' என்ற ரகம், அதுவும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிறந்தது. அந்தப் பழத்திலும் குறைந்தது 350 கிராம் எடை, 15 டிகிரி இனிப்பு என்ற அளவைத் தாண்டுவதற்கு மட்டுமே 'சூரியன் முட்டை' என்று அர்த்தமாகும் ஜப்பானியப் பெயர் கிடைக்கிறது. அந்த விலை பசுமைக்குடிலுக்கும், பழத்துக்குப் பழம் வலை கட்டித் தாங்கும் உழைப்புக்கும், கறாரான தரம் பிரிப்புக்கும் கிடைக்கிற விலை. கன்றை மட்டும் வாங்கி வைத்தால் விலையும் கூடவே வராது. "ஒரிஜினல் மியாசாகி, வெரி ஹேப்பி" என்று ஒரு முழம் உயரக் கன்றைப் பார்த்து எழுதுகிறவர் எதை வைத்து ஒரிஜினல் என்கிறார்?

மூன்றாவது ஆப்பிள். ஹிமாசலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, அதிகக் குளிர் தேவைப்படாத எச்.ஆர்.எம்.என்-99 என்ற ஆப்பிள் ரகத்தை உருவாக்கினார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இது உண்மையான, பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு குச்சியும் அந்த ரகம் ஆகிவிடாது. இன்னொன்று, பெங்களூரில் நன்றாக வந்தது என்று ஒருவர் எழுதுவது மதுரைக்கும் வேலூருக்கும் சாட்சி ஆகாது. செடி விஷயத்தில் ரிவ்யூ எழுதியவரின் ஊர் தெரியாமல் அவர் அபிப்பிராயத்துக்கு மதிப்புப் போட முடியாது. செல்போன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். செடி செய்யாது.

கலப்படமே இல்லாத பொய்

இதுவரை நல்லவர்கள் எழுதும் ரிவ்யூவைப் பற்றிச் சொன்னேன். இனி காசுக்கு எழுதுவதைப் பார்ப்போம்.

2020 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு விநோதம். கேட்காமலே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சிறு சிறு விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. பல பொட்டலங்களில் நகை என்று சீட்டு ஒட்டியிருந்தது. உயிரியல் ஆயுதமோ என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். விவசாயத் துறை பிரித்துப் பார்த்தால் கடுகு, புதினா, ரோஸ்மேரி, செம்பருத்தி மாதிரி சாதாரண விதைகள். இது 'பிரஷிங்' என்ற வியாபார மோசடியாக இருக்கலாம் என்று அந்தத் துறை சொன்னது. அதாவது, விற்பவரே யாரோ ஒருவர் முகவரிக்கு ஒரு மலிவான பொருளை அனுப்புவார். அனுப்பியதற்குத் தபால் ரசீது கிடைக்கும். அதை வைத்து அந்த முகவரிக்காரர் வாங்கியதாகக் கணக்குக் காட்டி, அவர் பெயரில் தானே ரிவ்யூ எழுதிக்கொள்வார். "வாங்கியவர் என்று சரிபார்க்கப்பட்டது" என்று பக்கத்தில் ஒரு டிக் மார்க் வேறு விழும்! 'சரிபார்க்கப்பட்டது' என்றால் ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்தது சரிபார்க்கப்பட்டது, அவ்வளவுதான். அந்த வருஷம் செப்டம்பரில் அமேசான் நிறுவனம் வெளிநாட்டு விதைகளை அமெரிக்காவுக்குள் விற்பதை நிறுத்தியது.

வேறு வழிகளும் உண்டு. ஒன்று, கெட்டதை மறைப்பது. ஃபேஷன் நோவா என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் நாலு நட்சத்திரத்துக்குக் குறைந்த ரிவ்யூக்களை வெளியிடாமல் தடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-ல் 42 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இரண்டு, ஒரு பொருளுக்கு வந்த நல்ல ரிவ்யூவை வேறு பொருளின் கணக்கில் ஏற்றிக்கொள்வது. மண்வெட்டிக்கு வந்த பாராட்டு மாங்கன்றுக்குப் போய்விடும். மூன்று, பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை: "ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஐம்பது ரூபாய் திரும்பக் கிடைக்கும்." இது உங்களில் பலருக்கு வந்திருக்கும். நாலு, இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது, பிழையில்லாமல், வேண்டிய பாஷையில். 2024-ல் அமெரிக்க ஆணையம் போலி ரிவ்யூக்களைத் தடை செய்து விதி கொண்டுவந்தபோது, இயந்திரம் எழுதிய போலிகளையும் சேர்த்தே தடுத்தது.

படங்களையும் நம்ப வேண்டாம். நீலக்கல் நிறத்தில் ரோஜா, அதற்கு நூறு ரூபாய்க்கு விதை என்று விற்கிறார்கள். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறொரு பூவின் மரபணுவைச் சேர்த்து, பல வருஷம் உழைத்து, 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல ரோஜா'வே பார்ப்பதற்கு இளம் ஊதாவாகத்தான் இருந்தது. தாள் பொட்டலத்தில் வரும் விதையில் அதைவிட நீலமாக எப்படி வரும்?

நேர்மையான நர்சரிக்காரரின் கஷ்டம்

இதோடு நிறுத்தினால் நியாயம் ஆகாது. மறுபக்கமும் பார்க்க வேண்டும். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான சிறு நர்சரிக்காரர்களோடு பழகியிருக்கிறேன். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து ஒட்டுக் கட்டுகிறவர்கள். கொரியர் நாலு நாள் தாமதமானால் ஒற்றை நட்சத்திரம் அவர்களுக்கு. அடீனியத்துக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி அழுகவிட்டுவிட்டு, "டெட் பிளான்ட் அனுப்பினான்" என்று எழுதுகிறவர் இருக்கிறார். இலை உதிர்ந்து உறங்கும் பருவத்தில் வந்த குச்சியைப் பார்த்து "காய்ந்த குச்சி" என்று எழுதுகிறவரும் இருக்கிறார்.

ஆன்லைன் அபிப்பிராயங்களை ஆராய்ந்தவர்கள் 2009-லேயே ஒன்றைக் கண்டார்கள். நட்சத்திரங்களை வரைபடமாகப் போட்டால் அது ஆங்கில 'ஜே' எழுத்தைப் போல வரும். ஐந்தில் ஏராளம், ஒன்றில் கொஞ்சம், நடுவில் ரொம்பக் குறைவு. காரணம், ரொம்ப மகிழ்ந்தவனும் ரொம்பக் கோபப்பட்டவனும்தான் எழுதுகிறான். 'பரவாயில்லை' என்று நினைக்கிற பெரும்பான்மை சும்மா இருந்துவிடுகிறது. அந்த நட்சத்திரத்துக்குப் பண மதிப்பும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்க நகரமான சியாட்டிலின் உணவகங்களை ஆராய்ந்து, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார். ஒரு நட்சத்திரத்தை விலைக்கு வாங்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

நெல்சன் எழுதிய அதே 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்பவர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர். வாங்குபவனுக்குத் தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்பது அவர் வாதம். உண்மையான திசு வளர்ப்புக் கன்றைச் சில ஆயிரத்துக்கு விற்பவர், விதைக்கன்றைத் தொள்ளாயிரத்துக்கு விற்பவரோடு எப்படிப் போட்டி போடுவார்? இரண்டு பேருக்கும் அதே நாலரை நட்சத்திரம். ஆக, போலி ரிவ்யூவால் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல, ஒழுங்காகத் தொழில் செய்பவர் கடையை மூடுகிறார். அதுதான் பெரிய நஷ்டம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது பின்வரிசையில் இருக்கும் மாணவர்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஒரு ரிவ்யூவுக்கு இத்தனை ரூபாய்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் உங்களுக்குச் செய்தி வருகிறது. வரவில்லை என்று சொல்லாதீர்கள், எனக்கே வருகிறது! இதில் இரண்டு குழி இருக்கிறது. முதல் குழி உங்களுக்கு. முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் கொடுப்பார்கள், அப்புறம் "பெரிய டாஸ்க்" என்று உங்களிடமே முன்பணம் கேட்பார்கள். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை இப்படிப் பகுதிநேர வேலை ஆசை காட்டி ஏமாற்றிய நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

இரண்டாவது குழி இன்னொருவருக்கு. நீங்கள் பார்க்காத ஒரு கன்றுக்கு "அருமையான ரகம்" என்று எழுதும் அந்த ஒரு வரியை நம்பி எங்கோ ஒருவர் கடன் வாங்கி நடுகிறார். உங்களுக்கு வரும் இருபது ரூபாய் அவருடைய ஐந்து வருஷம். தாவரவியல் படித்த பிள்ளைகள் அதைச் செய்யலாமா? செய்யக் கூடாது.

எப்படிப் படிப்பது?

சரி சார், பயமுறுத்தினது போதும், என்னதான் பண்றது என்று கேட்பீர்கள். நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதலில், சராசரி நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். நாள் பாருங்கள். ஒரே வாரத்தில் ஐம்பது பாராட்டு வந்து, அதற்கு முன்னும் பின்னும் வெறிச்சோடி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்களைப் படியுங்கள். காசுக்கு எழுதுபவர் மூன்று நட்சத்திரம் போடுவது அபூர்வம். குறையும் நிறையும் கலந்து சொல்கிறவர் பெரும்பாலும் நிஜமாக வளர்த்துப் பார்த்தவர்.

மூன்றாவது, "ஒரு வருஷம் ஆச்சு", "இந்தப் பருவம் பூத்தது", "ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததைக் கிள்ளினேன்" என்று காலமும் கைவேலையும் சொல்லும் வரிகளைத் தேடுங்கள். அப்படி ஒன்று, பேக்கிங் பாராட்டு நூறுக்குச் சமம்.

நாலாவது, எழுதியவரின் ஊர், தட்பவெப்பம். நம் ஊருக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

ஐந்தாவது, குறை சொன்னவருக்கு விற்பவர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். திட்டுகிறாரா, மாற்றுக் கன்று அனுப்புகிறாரா? எனக்கு அதுதான் பெரிய அத்தாட்சி.

ஆறாவது, விற்பவரிடமே கேளுங்கள். ஒட்டா, பதியனா, விதையா, திசு வளர்ப்பா? திசு வளர்ப்பு என்றால் எந்த ஆய்வுக்கூடம்? தாய்மரம் எங்கே இருக்கிறது? வேரடிக் கன்று எது? ரகத்தை எழுதிக் கையெழுத்திட்ட பில் தருவீர்களா? நேர்மையானவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மற்றவர் "சார், ரிவ்யூ பாருங்க" என்பார்.

கடைசியாக ஒரு விதி. பூந்தொட்டிக்கு ஒரு செடி என்றால் ரிவ்யூ போதும், போனால் இருநூறு ரூபாய். நிலத்தில் நடப்போகும் மரம் என்றால் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் போதாது. அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, வேளாண்மைப் பல்கலைக்கழகம், தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நர்சரி, தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் என்று போய்க் கேளுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். பஸ் சார்ஜ் பெரிதல்ல.

ஏமாந்தால்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகள், விற்பவர் தன்னையே வாடிக்கையாளர் போலக் காட்டி ரிவ்யூ எழுதக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000:2022 என்று ரிவ்யூவுக்கென்றே ஒரு தரம் வெளியிட்டது. எழுதியவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூ கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது வெளியானபோது, விரும்பினால் பின்பற்றலாம் என்ற தரமாகவே வந்தது. அது இருக்கிறது என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம்.

ஏமாந்தவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் வங்காளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. "நாங்க விவசாயி, நுகர்வோர்னு ஒத்துக்குவாங்களா?" என்று கேட்பார்கள். தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம், குறைபாடான விதையால் பாதிக்கப்பட்ட விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் கையில் தாள் வேண்டும். பில், விளம்பரத்தின் படம், பார்சல் சீட்டு, நட்ட அன்று எடுத்த புகைப்படம், இவை நாலையும் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஞாபகம் சாட்சி சொல்லாது.

ஒரு வேண்டுகோள்

முடிக்குமுன் இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் நிலம் வைத்திருப்பவர்கள், மாடித்தோட்டம் போட்டவர்கள் ஏராளம். தாவரவியல் துறையில் ஒரு தடித்த நோட்டு வைப்போம். 'கன்று ஏடு' என்று பெயர் வைக்கலாம். யாரிடம், என்ன ரகம் என்று சொல்லி, எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம், எந்த ஊரில், எந்த மண்ணில் நட்டோம் என்று முதல் பத்தியில் எழுதுவோம். ஒரு வருஷம் கழித்து இரண்டாம் பத்தி. மூன்றாம் வருஷம் மூன்றாம் பத்தி. காய்த்த அன்று நாலாம் பத்தி. செத்துப்போனால் அதையும், ஏன் என்று தெரிந்தால் அந்தக் காரணத்தையும் எழுதுவோம். இரண்டாமாண்டு மாணவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் போன் போட்டு விசாரித்து அதை நிரப்பட்டும். அவர்களுக்குக் களப்பணி ஆச்சு, நமக்குச் சாட்சி ஆச்சு. விற்பவர் பெயரை எழுதும்போது கோபத்தில் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுவோம். நல்லவரை நல்லவர் என்று எழுதுவதையும் மறக்க வேண்டாம்.

இணையத்தில் ரிவ்யூ எழுதுகிறவர்களும் இதையே செய்யலாம். பார்சல் வந்த அன்று "பெட்டி நன்றாக வந்தது, செடியைப் பற்றி அடுத்த வருஷம் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். பத்துப் பேர் அப்படி எழுத ஆரம்பித்தாலே போதும், பதினோராவது ஆள் ஏமாற மாட்டார்.

நோட்டை நானே வாங்கி வந்துவிட்டேன், துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பேரீச்சை நண்பர் தன் கணக்கை எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகுமுன் மற்றவர்களும் ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.